லாரிப் பட்டையா, புது இரும்பா? முதல் கத்திக்கு இரும்பு தேடுகிறவர்களுக்கு...

வாழைப்பூ நறுக்கிய அருவாமனையைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதன் முகம் கறுத்துவிடும். மாங்காய் நறுக்கினாலும் அப்படித்தான். எவர்சில்வர் கத்தியில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனாலும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில், பாட்டி இருக்கும் வீடு என்றால், மீன் ஆயவும் பலாக்காய் வெட்டவும் அந்தக் கறுத்துப்போன இரும்பைத்தான் கை தேடும். "கடையில வாங்குனது நாலு நாள்ல மொண்ணையாயிருது. இது நின்னு பேசுது" என்பார்கள்.

இரண்டுமே இரும்புதானே? ஒன்று ஏன் நிற்கிறது, இன்னொன்று ஏன் மொண்ணையாகிறது?

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்ட ஒரு பையன் இப்போது பல ஊர்களில் இருக்கிறான். செல்போனில் வெளிநாட்டுக்காரர் கத்தி செய்யும் வீடியோ பார்த்திருப்பான். நம்மாலும் முடியும் என்று தோன்றியிருக்கும். கையில் ஒரு ஆக்ஸா பிரேம், இரண்டு அரம், மேசையில் முடுக்கிய ஒரு வைஸ், கொஞ்சம் உப்புத்தாள். கிரைண்டர் கிடையாது, கேஸ் உலை கிடையாது. ஆர்வம் மட்டும் நிறைய. அவன் முதலில் போய் நிற்கும் இடம் பழைய இரும்புக்கடை.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடையில் குவிந்து கிடப்பதெல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி துருப்பிடித்த இரும்பு. வீடு கட்டியபோது மிஞ்சிய டி.எம்.டி. கம்பி, கதவுப் பட்டை, டிராக்டர் உதிரி பாகம், உடைந்த ஸ்பிரிங், தேய்ந்த அரம், பேரிங். இதில் எது கத்தியாகும், எது ஆகாது என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. பையன் தன் கைக்கு வசதியான ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

கையால் அராவி ஒரு கத்தி செய்வது லேசான வேலை இல்லை. 3 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை ஆக்ஸா பிளேடால் கத்தி வடிவத்துக்கு அறுக்கவே ஒரு நாள் போய்விடும். பிறகு இரண்டு பக்கமும் சரிவாக அராவ வேண்டும். இரண்டு மூன்று வாரத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கரையும். உள்ளங்கையில் கொப்புளம் வந்து காய்த்துப்போகும். எல்லாம் முடிந்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, ஆசையாக ஒரு தக்காளியை வெட்டிப் பார்ப்பான். வெட்டும். மறுநாளும் வெட்டும். மூன்றாம் நாள் தக்காளித் தோலில் வழுக்கும். மறுபடி தீட்டினால் மறுபடி இரண்டு நாள். கையில் குற்றமில்லை, அரத்தில் குற்றமில்லை. அந்தப் பட்டை எந்தக் காலத்திலும் இறுகாத இரும்பு. இத்தனை உழைப்புக்குப் பிறகு அதைத் தெரிந்துகொள்வதுதான் கொடுமை. பலர் அந்த முதல் கத்தியோடு அரத்தைப் பரணில் போட்டுவிடுவது இதனால்தான்.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

இரும்பை எஃகாக்குவது கரி. கார்பன் என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். நூறு பங்கு இரும்பில் கால் பங்குகூட இல்லாத கரி, அரைப் பங்காகவோ முக்கால் பங்காகவோ கூடினால் இரும்பின் குணமே மாறிவிடும். சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடி போல இறுகும். கரி குறைவாக இருந்தால் எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் பயனில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிய சேதி இல்லை. புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பொற்பனைக்கோட்டை. சங்ககாலக் கோட்டையின் மதில் மேடும் அகழியும் இன்றும் தெரியும் அந்த இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023 மே மாதம் அகழாய்வைத் தொடங்கியது. செம்புறாங்கல் பரந்து கிடக்கும் அந்தப் பூமியில் பழங்காலத்தில் இரும்பு உருக்கியதற்கான தடயங்கள் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உலைகளோடு எஃகு செய்த உலையின் எச்சமும் வெளிப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழகத்தில் இரும்பின் வயது கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.

இதில் கத்தி செய்ய நினைப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி, பழமையைவிடச் செய்முறையில்தான் இருக்கிறது. உலகம் 'வூட்ஸ்' என்று கொண்டாடிய தென்னிந்திய உருக்கை எப்படிச் செய்தார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்து எழுதியவர்களில் ஒருவர், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயர். சிறு களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியைச் சிறு சிறு துண்டாக நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலையை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்களாம். குச்சி உள்ளேயே கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கும். வெளியே வரும்போது அது எஃகு. கீரனூர், இலுப்பூர்ப் பக்கம் தரிசில் ஆவாரையும் எருக்கும் மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறவர்கள், உலகின் பெயர்பெற்ற எஃகுக்கு மசாலா இவைதான் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த உருக்கின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க லண்டனில் மைக்கேல் ஃபாரடே முயன்றார். மின்சாரத்துக்கு மோட்டார் காட்டிய அதே ஃபாரடேதான். அவர் ஒரு கொல்லரின் மகன் என்பது பலருக்குத் தெரியாது. 1820 வாக்கில் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து வூட்ஸை ஆராய்ந்து, அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். கரிதான் காரணம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு பெரியவருக்கே பார்வைக்குத் தெரியாத பொருளை, பழைய இரும்புக்கடையில் நிற்கும் பையன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்த இரும்பு என்ன பேசும்?

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை. கதவு, ஜன்னல் கிராதிக்கு வரும் பட்டை, கட்டுக்கம்பி எல்லாம் மைல்டு ஸ்டீல். கரி 0.25 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம். டி.எம்.டி. கம்பியில் 0.30 சதவீதத்துக்கு மேல் கரி இருக்கக்கூடாது என்பது விதியே. கட்டடம் வளைய வேண்டும், ஒடியக்கூடாது அல்லவா? வீட்டுக்கு நல்ல குணம், கத்திக்கு ஆகாது. எவர்சில்வர் தட்டு, கரண்டிக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் எத்தனை காய்ச்சினாலும் இறுகாத வகை. கத்திக்கென்றே வரும் ஸ்டெயின்லெஸ் வேறு. அதைப் பதப்படுத்த 1,000 டிகிரிக்கு மேல் சரியாக அளந்து சூடேற்ற வேண்டும். கரி அடுப்புக்கு அது எட்டாத காரியம்.

லேத் பட்டறையில் கேட்டால் அன்பாக ஒரு 'இ.என்.8' துண்டைக் கொடுப்பார்கள். இதில் ஏமாறுபவர்கள் அதிகம். அது நல்ல இரும்பு, ஷாஃப்டுக்கும் போல்ட்டுக்கும் உகந்தது. கரி 0.4 சதவீத அளவில் இருப்பதால் ஓரளவு இறுகும். ஆனால் கூர் நிற்காது. இறுகியது போலத் தெரிந்து கைவிடும் இரும்பு, இறுகவே இறுகாத இரும்பைவிட ஆபத்தானது. பையனுக்குத் தன் கைமேல்தான் சந்தேகம் வரும்.

தேய்ந்துபோன நல்ல அரத்தில் ஒரு சதவீதமும் அதற்கு மேலும் கரி உண்டு. கூர் பிரமாதமாக நிற்கும். ஆனால் அரத்தை அரத்தாலேயே அராவ முடியாதே! சிவக்கக் காய்ச்சி, உமிச்சாம்பலில் புதைத்து, மறுநாள் காலைவரை மெல்ல ஆறவிட்டால்தான் அது இளகி அராவ வரும். மலிவு அரங்கள் சில மேல்தோலில் மட்டும் கரி ஏற்றியவை. அராவ அராவ மேல்தோல் போய், உள்ளே சாதா இரும்பு வந்து நிற்கும். பேரிங் எஃகும் உயர்ந்ததுதான், ஆனால் அதன் வளையத்தை நிமிர்த்தித் தட்டையாக்க உலையும் சம்மட்டியும் பழகிய கையும் வேண்டும். பெரிய பவர் ஆக்ஸா பிளேடில் சிலர் கத்தி செய்கிறார்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் வகை பிளேடு ஏற்கெனவே கடினப்படுத்தப்பட்டது; கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும், அரம் அதில் கால் வைக்காது. கையால் வேலை செய்பவருக்கு இந்த மூன்றும் இரண்டாம் வருடத்துச் சமாச்சாரம்.

ஒன்றை மட்டும் தொடவே கூடாது. தண்டவாளத் துண்டு. நல்ல எஃகுதான், பட்டறைகளில் அடைகல்லாகப் போட ஆசைப்படுவார்கள். ஆனால் கணக்கில்லாமல் கைக்கு வந்த ரயில்வே இரும்பை வைத்திருப்பதற்கே 1966-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தி செய்யப் பழக முடியாது.

ஆசாரி சொல்வது

மிச்சமிருப்பது எல்லாரும் சொல்லும் லாரிப் பட்டை. லாரி, பஸ்ஸின் அடியில் வில் மாதிரி அடுக்காகக் கிடக்கும் ஸ்பிரிங் பட்டை. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாள் இன்று இந்தப் பட்டையிலிருந்துதான் பிறக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கொல்லுப் பட்டறைகளிலும் மூலையில் சாய்த்து வைத்திருப்பது இதைத்தான். பெரும்பாலும் சிலிக்கனும் மாங்கனீசும் சேர்ந்த எஃகு அல்லது குரோமியம் சேர்ந்தது. கரி 0.5 முதல் 0.6 சதவீதம் வரை. குழியில் விழுந்து எழும் லாரியைத் தாங்கியதால் அடிக்கு ஒடியாத குணம் அதில் ஊறியிருக்கிறது. தென்னை மட்டையை வெட்டும் அருவாளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியானால் பையனும் அதையே எடுக்கலாமே? பட்டறையில் போய்க் கேட்டால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"ஆசாரி ஐயா, ஒரு துண்டு லாரிப் பட்டை குடுத்தீங்கன்னா, வீட்டுலயே அராவிக் கத்தி செஞ்சுருவேன்."

"அராவியா? தம்பி, இதோட கனத்தைப் பாத்தியா? கட்டைவிரல் மொத்தம் இருக்கு. காய்கறிக் கத்தி காசு கனம்கூட வேணாம். எட்டுல ஏழு பங்கை அராவித் தூளாக்கப் போறியா?"

"நீங்க எப்படிய்யா செய்யறீங்க?"

"நான் எங்கப்பா அராவுறேன்? காய்ச்சி அடிச்சுல்ல மெலிய வைக்கிறேன்."

அங்கே இருக்கிறது விஷயம். லாரிப் பட்டை சாதாரணமாக 10 மில்லிமீட்டருக்குக் குறையாது. சின்ன வண்டிகளுடையது 6, 7 இருக்கும். சமையலறைக் கத்திக்குத் தேவை 2 அல்லது இரண்டரை. உலையும் சம்மட்டியும் உள்ள கொல்லருக்கு அந்தக் கனம் வரம். அடித்து நீட்டினால் ஒரு துண்டில் ஒரு நீள அருவாளே வரும். அரம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது சாபம். போதாக்குறைக்கு, பட்டை வளைந்தும் இருக்கும். கத்தி வேலைக்கு எது நல்ல எஃகு என்ற கேள்விக்கு முன்னால், நம்மிடம் இருக்கும் கருவிக்கு எது ஒத்துவரும் என்ற கேள்வி இருக்கிறது. வீடியோவில் காட்டுபவரிடம் பவர் ஹேமரும் பெல்ட் கிரைண்டரும் இருப்பதைப் பையன் கவனித்திருக்க மாட்டான்.

இன்னொன்று. அந்தப் பட்டை ஏன் கழிவுக்கு வந்தது? ஓடி ஓடிக் களைத்து, எங்காவது முறிந்துதான் வந்தது. முறிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் முடி அளவு விரிசல் இருந்தால் தெரியாது. கொல்லர் சுத்தியலால் தட்டி ஓசையில் கண்டுபிடிப்பார், அல்லது அடிக்கும்போது நிறத்தில் கண்டுபிடித்து அந்தத் துண்டைத் தள்ளிவிடுவார். முப்பது நாற்பது வருடம் ஒரே வகைப் பட்டையை அடித்த கை அது. எந்த நிறத்தில் எடுக்க வேண்டும், விளிம்பை எவ்வளவு ஆழம் தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். 'தோய்ச்சல்' என்று ஒரே சொல்லில் அவர்கள் முடித்துவிடும் வேலை அது. அதே பட்டையை அதே தண்ணீரில் பையன் முக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. விளிம்பில் பிளவு ஓடியிருக்கும்.

கொல்லர் பழைய இரும்பில் வேலை செய்கிறார், எனவே நாமும் செய்யலாம் என்பது பாதி உண்மை. அவர் கையில் அது பழைய இரும்பு இல்லை, பழகிய இரும்பு.

பெயர் தெரிந்த இரும்பு

முதல் கத்திக்குச் சரியான தேர்வு, பெயர் தெரிந்த புது எஃகு. காசு கொடுத்து வாங்குவதா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் மூன்று வாரத்து உழைப்பைப் பழைய இரும்புக்கடைச் சீட்டாட்டத்தில் வைப்பதைவிட அது மலிவுதான்.

வெளிநாட்டில் தொடக்கக்காரர்களுக்கு 1075, 1084 என்ற எண்களைச் சொல்வார்கள். கடைசி இரண்டு இலக்கம்தான் கரியின் அளவு: 0.75, 0.84 சதவீதம். இங்கே ஸ்பிரிங் ஸ்டீல் தகடு விற்பவர்களிடம் 'சி75', 'சி80', 'இ.என்.42' என்று கேட்டால் அதே குடும்பத்து எஃகு கிடைக்கும். எளிமையான இரும்பு. கரியைத் தவிரப் பெரிய கலப்பு இல்லை. கரி அடுப்பில் சிவக்க வைத்து எண்ணெயில் தோய்த்தால் சொன்னபடி கேட்கும். இளக்கிய நிலையில் வாங்கினால் அரமும் நன்றாக ஏறும். வாங்கும்போதே "அனீல் பண்ணதா, ஹார்டு பண்ணதா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இறுக்கிய ஸ்பிரிங் தகடு வந்துவிட்டால் அரம்தான் தேயும்.

மற்றொன்று 'ஓ.எச்.என்.எஸ்.' டை, பஞ்ச் செய்பவர்களுக்கு இது தினசரிச் சரக்கு. எண்ணெயில் இறுகும், இறுகும்போது அதிகம் கோணாது என்பதுதான் அந்தப் பெயரின் சுருக்கம். கரி 0.9 சதவீத அளவு, கூடவே மாங்கனீசு, கொஞ்சம் குரோமியம், டங்ஸ்டன். கூர் அருமையாக நிற்கும். ஒரே ஒரு கண்டிஷன்: 800 டிகிரி சொச்சத்தில் சில நிமிடம் ஒரே சீராக வைத்திருந்தால்தான் அதன் முழுக் குணமும் வெளிவரும். கரி அடுப்பில் அந்தச் சீரைப் பிடிப்பது பழக்கத்தில்தான் வரும். அதனால் முதல் கத்திக்கு சி75 வகை, மூன்றாவது நான்காவதுக்கு ஓ.எச்.என்.எஸ். என்று வைத்துக்கொள்வது நல்லது. கோவை, சென்னை டூல் ஸ்டீல் கடைகளில் இவை கிடைக்கும். சிறு துண்டாக வெட்டித் தருவார்களா என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம். கனம் இரண்டரை அல்லது 3 மில்லிமீட்டர் போதும். 5 என்று ஆசைப்பட்டால் கை அழும்.

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மரவாடி. மரம் அறுக்கும் பெரிய பேண்ட்சா பிளேடு தேய்ந்தாலோ அறுந்தாலோ தூக்கிப் போடுவார்கள். அது மெல்லிய தகடு, கரி நிறைந்த எஃகு, நீளமும் தாராளம். மெலிதாக இருப்பதால் அராவும் வேலை பாதியாகும். பழைய தச்சு ரம்பமும் அப்படியே. பழைய இரும்பில் ஒன்றை எடுத்தே தீர வேண்டும் என்றால் லாரிப் பட்டைக்கு முன்னால் இதைத் தேடலாம்.

விரல் அளவு துண்டு

புதியதோ பழையதோ, எதை எடுத்தாலும் ஒரு வேலையை முதலில் செய்துவிட வேண்டும். கத்தி வடிவத்தை அறுப்பதற்கு முன், ஓரத்தில் விரல் அளவுக்கு ஒரு துண்டை அறுத்துக்கொள்வது. இதைச் செய்யச் சோம்பல்பட்டவர்கள்தான் பரணில் அரம் போட்டவர்கள்.

தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவர் இன்னும் வருகிற ஊராக இருந்தால் அந்தத் துண்டை அவர் கல்லில் ஒரு நொடி வைக்கச் சொல்லலாம். தீப்பொறி நீளக் கோடாகப் போய் அப்படியே அணைந்தால் கரி குறைவு. பாதி வழியில் கிளை கிளையாக வெடித்துப் பூத்தால் கரி அதிகம். கம்பி மத்தாப்பில் பூப்பூவாகச் சிதறுவதும் இரும்புத்தூள்தானே! பக்கத்தில் ஒரு கட்டுக்கம்பித் துண்டையும் ஒரு பழைய அரத்தையும் வைத்து மூன்றின் பொறியையும் ஒப்பிட்டால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் புரியும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதால் பயனில்லை. கட்டுக்கம்பியிலும் ஒட்டும், கத்தி எஃகிலும் ஒட்டும்.

பொறி சொல்வது பாதிதான். உறுதியாகத் தெரிய, துண்டைச் சுட்டுப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலங்கரி இந்த மாவட்டத்தில் கிடைக்காத பொருளில்லை. செங்கல்லை அடுக்கி, ஒரு பழைய ஊதுகுழாயோ சின்ன புளோயரோ வைத்தால் துண்டு சிவந்துவிடும். காந்தத்தை ஒரு கம்பியில் கட்டி அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். இரும்பு 770 டிகிரி அளவில் காந்தத்தை மறந்துவிடும். ஒட்டாமல் போனதும் இன்னும் ஒரு சாயல் கூடச் சிவக்கவிட்டு, உடனே எண்ணெயில் விட வேண்டும். கடலை எண்ணெய் போதும், கை பொறுக்கும் சூட்டுக்கு முன்பே வெதுவெதுப்பாக்கி இருக்க வேண்டும். உலோகச் சட்டியில், வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் மூடி வைத்துக்கொண்டு. எண்ணெய் குப்பென்று பற்றினால் மூடியால் அமுக்குவதுதான் வழி, தண்ணீர் ஊற்றக்கூடாது. துத்தநாகம் பூசிய வெள்ளைத் தகட்டை மட்டும் நெருப்பில் வைக்கவே கூடாது. அந்தப் புகையில் காய்ச்சல் வரும்.

ஆறிய துண்டின் மேல் அரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிமேல் ஓட்டியது போல வழுக்கினால் இரும்பு தேறியது. பற்றி அறுத்தால், மீதிப் பட்டையை அப்போதே கதவுக் கொண்டிக்கு ஒதுக்கிவிடலாம். நஷ்டம் ஒரு விரல் துண்டு, அரை மணி நேரம்.

தேறிய துண்டை வைஸில் இறுக்கி, துணி போர்த்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுத்தியலால் ஒரு போடு. படக்கென்று ஒடியும். ஒடிந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மைதா மாவு மாதிரி நைசாக, மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி. ரவை மாதிரி மினுமினுவென்று பொரிப்பொரியாக இருந்தால் சூடு அதிகமாகிவிட்டது. அந்தக் கத்தி கூராக இருக்கும், ஆனால் எலும்பில் பட்ட அன்று விளிம்பு உதிரும். சாப்பாட்டில் இரும்புத் துணுக்கு விழுவது சின்ன விஷயமில்லை. இன்னொரு துண்டு அறுத்து, சூட்டைக் குறைத்து மறுபடி பார்க்கலாம். நாலு துண்டு ஒடித்தவருக்குத் தன் அடுப்பின் சிவப்பு எது என்று தெரிந்துவிடும். கொல்லருக்கு வருடக்கணக்கில் வந்த அறிவின் ஒரு சிறு ஓரம் அது.

இறுகிய கத்தியை அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். தோய்த்த சூடு ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, கேக் செய்யும் ஓவனில் 200 டிகிரி அளவில் ஒரு மணி நேரமாக இரண்டு தடவை வைத்தால் முரட்டுத்தனம் கொஞ்சம் தணியும். தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் ஏறினால் காய்கறிக் கத்திக்குப் போதுமான பதம். அருவாளுக்கு இன்னும் தாண்டி, பழுப்பும் ஊதாவும் வரும்வரை விடுவார்கள். அது வெட்ட வேண்டிய பொருள் அப்படி. ஓவன் இருக்கும் வீட்டில் அதை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வேலை, விவசாய வேலைக்கான கத்திக்கு ஆயுதச் சட்ட விதிகளில் விலக்கு இருக்கிறது. மற்றபடி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால் அது ஆயுதப் பட்டியலில் வரும். கற்றுக்கொள்பவருக்கு 5 அங்குலக் காய்கறிக் கத்தியே ஏராளம். அராவ வேண்டிய இரும்பும் பாதி.

முதல் கத்தியைச் சி75-இல் செய்து முடித்தவர், இரண்டாவதற்குத் தாராளமாக லாரிப் பட்டையை எடுக்கலாம். ஆனால் அரத்தோடு அல்ல. அதை எடுத்துக்கொண்டு கொல்லுப் பட்டறைக்குப் போக வேண்டும். கூலி பேசி, "ஐயா, ரெண்டரை மில்லி கனத்துக்கு அடிச்சுக் குடுங்க, மிச்சத்தை நான் அராவிக்கிறேன்" என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. துருத்தியைச் சுற்றும் வேலையைப் பையன் எடுத்துக்கொண்டால் பேச்சும் வளரும். அடுத்த தலைமுறை பட்டறைக்கு வராத வீடுகள்தான் இன்று அதிகம். எந்தப் பட்டை எந்த நிறத்தில் அடி வாங்கும் என்று கேட்க ஒருவர் வந்து உட்கார்ந்தால் பெரியவர்கள் பெரும்பாலும் சொல்லத்தான் செய்வார்கள்.

போகும் நேரம் மட்டும் முக்கியம். உச்சி வெயிலில் போனால் சிவந்த இரும்பும் கறுப்பாகத்தான் தெரியும். பட்டறைகள் நிழல் கட்டி இருட்டாக இருப்பதற்குக் காரணமே அதுதான். வீட்டில் தோய்ச்சல் போடுகிறவர்களும் பொழுது சாய்ந்து, விளக்குப் போடுவதற்கு முன்னால் இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பைத் தயாராக வைத்துக்கொண்டால் சிவப்பு கண்ணை ஏமாற்றாது.